சங்கு அடிக்காத மதியம்

அத்தியாயம் 11

போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டு வந்தபோது, ஜே.சி.பி. குழியை மூடிவிட்டுப் போயிருந்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து வையப்பமலை போகும் சாலையில் இருக்கிறது சின்னண்ணனின் முட்டைக்கோழிப் பண்ணை. நாலு பக்கமும் அடைத்து, விசிறிகள் ஓடினால் மட்டுமே காற்று வருகிற மாதிரி புது ஷெட் ஒன்று கட்டியிருந்தார். திங்கட்கிழமை மதியம் அந்த ஷெட்டுக்குள் இருந்த கோழிகள் அத்தனையும் வெக்கையில் மூச்சுமுட்டிச் செத்தன. ஒரே குழியில் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். யாரும் அழவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மூத்த மருமகள் சத்யபிரியா சமையல்கட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கனிஷ்கா துப்பியது. துடைத்தாள். மறுபடி ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனாள். மாமியார் சென்னியம்மாள் வந்து கிண்ணத்தை வாங்கியபோதுதான், கஞ்சி எப்போதோ தீர்ந்துவிட்டது தெரிந்தது.

"குடு சாமி, நான் பாத்துக்கறேன். நீ போயி உன்ற வேலையப் பாரு."

ஜன்னல் வழியாகக் கணவன் ஜெகதீஸ்வரன் தெரிந்தான். முட்டை ஏற்றும் வண்டியின் டிரைவர் சீட்டில், கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். குழி மூடிய நாளிலிருந்து பகல் முழுக்க அங்கேதான். திங்கட்கிழமை அவன் சங்ககிரியில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தான். திரும்பி வந்து ஷெட் கதவைத் திறந்தவன் அவன்தான். அதன் பிறகு, கேட்டதற்கு "ம்" என்பதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை.

மாமனார் சின்னண்ணன் பின்கட்டு வழியாக வந்து கால் கழுவினார்.

"டெம்போ சொல்லீட்டேன். சோத்து நேரத்துக்கு மேல வரும்."

"எதுக்குங்க மாமா?"

"சென்றாயன் சாமானம் ஏத்தறதுக்கு. அவனூருக்கே கொண்டுபோயி எறக்கீரச் சொல்லீட்டேன்."

சென்றாயன் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஷெட்டையும், வெக்கை மிஞ்சினால் அதில் அலறும் சங்கையும் பார்த்துக்கொள்ள வந்தவன். மனைவி பிரபாவோடும் கைக்குழந்தையோடும் ஷெட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தான்.

"சங்கு அடிக்கவேயில்லைன்னுதானுங்களே அவரு சொல்றாரு."

"பொத்தானை அமுத்தி நானே பாத்தேன் சாமி. நல்லாத்தான் அடிக்குது. நல்லா இருக்கற சங்கு அன்னைக்கு மட்டும் அடிக்காமப் போயிருமா? சோறு தின்னுபோட்டுப் படுத்துட்டேன்னு அவன் வாயாலயே சொல்லீட்டான். எந்திரிச்சு அமத்தீட்டு மறுக்காப் படுத்திருப்பான்."

அவர் குரலில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். துண்டில் கால்களைத் துடைத்தார். துடைத்த காலையே மறுபடி துடைத்தார்.

சத்யா தன் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் வேலை பார்ப்பது சேலத்தில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். கோழி ஷெட்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறவர்கள். உள்ளே எவ்வளவு வெப்பம் என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, பெட்டி விசிறிகளைக் கூட்டும், குறைக்கும்; நிலைமை மோசமானால் சங்கை அலறவிடும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர்கள் இரண்டே பேர். சத்யா ஒருத்தி. இன்னொருவன் தீனதயாளன், ஜெகதீஸ்வரனின் தம்பி. மாமனார் ஷெட்டில் மாட்டியிருந்ததும் அதே பெட்டிதான்.

முதலாளி மோகன்குமார் போனில் வந்தார்.

"சத்யா, இந்த நேரத்துல கேக்கறதுக்கு எனக்கே சங்கடமாத்தான் இருக்குதுங்க. ஆனா மத்த பண்ணைக்காரங்க விடாமக் கூப்படறாங்க. பெட்டி மேல தப்பில்ல, பாத்துக்கற ஆள் மேலதான் தப்புன்னு நாலு வரி எழுதி அனுப்பீருங்க. டெஸ்ட் பூராவும் பச்சை. காலைல நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

"சென்சார் கேபிளை எலி கடிச்சிருக்குன்னு நேத்து எலக்ட்ரீசியன் சொன்னாருங்க சார்."

"கோழி செத்ததுக்கப்பறம் கூடக் கடிச்சிருக்கலாமுங்க."

"பாத்துட்டுச் சொல்றேனுங்க."

பச்சை என்று அவர் சொன்னது சத்யாவுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தால் பச்சை வரும். கேட்காத கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

அவள் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. புரோகிராம் எழுதுவதற்கு முன்பே, அது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதிவிடுவாள். அதை ஓட்டினால் தோற்கும். திரையில் சிவப்பு வரும். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் புரோகிராமுக்குப் போவாள். இப்போதெல்லாம் புரோகிராம் வரிகளை எழுதித் தருவது ஏ.ஐ.தான். அதனால்தான் டெஸ்ட் எழுதுவதை அவள் தன் கையிலேயே வைத்திருந்தாள். என்ன வேண்டும் என்று சொல்வது மனுஷர் வேலை, அதை எப்படிச் செய்வது என்பது அதன் வேலை என்று தீனாவிடமும் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை மதியத்தை அவள் ஒரு டெஸ்ட்டாக எழுத ஆரம்பித்தாள். காலை வேளை, ஷெட் குளுமையாக இருக்கிறது, இரண்டு விசிறி போதும். கேபிள் அறுந்துபோகிறது. எந்தச் சென்சாரும் பேசவில்லை. வெளியே வெயில் ஏறுகிறது. இப்போது சங்கு அடிக்க வேண்டும்.

ஓட்டினாள்.

சிவப்பு.

புரோகிராமைப் படித்தாள். சென்சார் பேசாமல் போனால், அது கடைசியாகச் சொன்ன வெப்பத்தையே நிஜம் என்று வைத்துக்கொள் என்று அதில் இருந்தது. அப்படியென்றால் திங்கட்கிழமை முழுக்க அந்தப் பெட்டிக்கு அது காலை நேரமாகவே இருந்திருக்கிறது. இரண்டு விசிறிகளை ஓட்டிக்கொண்டு, எல்லாம் நலம் என்று அது சும்மா இருந்திருக்கிறது. சங்கை அடிக்கச் சொல்லி யாருமே அதற்குச் சொல்லவில்லை. சென்றாயன் தூங்கினாலும் விழித்திருந்தாலும் ஒன்றுதான்.

அவளுக்கு இன்னொன்று புரியவில்லை. இதற்கு அவள் முன்பே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தாள். பிரசவ விடுப்பில் போவதற்கு முன்னால் எழுதியது. தேடி எடுத்தாள். டெஸ்ட் இருந்தது. 'சென்சார் பேசாமல் போனால் சங்கு அடிக்க வேண்டும்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், 'கடைசி வெப்பத்தை வைத்துக்கொள்ள வேண்டும், சங்கு அடிக்கக் கூடாது' என்று இருந்தது.

அதுவும் பச்சையாகத்தான் இருந்தது.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து மாடிப் படியேறினாள்.

தீனா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு அவனும் ஆபீஸ் போகவில்லை.

"சென்சார் டெஸ்ட்டை மாத்துனது நீயா தீனா?"

அவன் நிமிரவில்லை. "எப்ப அண்ணி பாத்தீங்க?"

"இப்பத்தான்."

"நான் திங்கக்கெழம பொழுதோடயே பாத்துட்டேன்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சிமெண்ட் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தும் நகரவில்லை.

"சொல்லு."

"நீங்க லீவுல இருந்தப்ப மழை புடிச்சுதுங்கல்ல. ஈரத்துல சென்சார் வுட்டு வுட்டு வரும். ஒவ்வொருக்கா விடும்போதும் சங்கு அலறும். அப்பா என்னையக் கூப்பிட்டு, கண்ணை மூட முடியலடா, அந்தச் சங்கை நிறுத்தற வழியப் பாருன்னாரு. மத்த பண்ணைலயும் இதே பாட்டுத்தான். சும்மா சும்மா அடிக்கறதை நிறுத்து, டெஸ்ட் எல்லாம் பச்சையாகணும்னு ஏ.ஐ.கிட்டச் சொன்னேன். பண்ணிக் குடுத்துச்சு."

"டெஸ்ட்டையும் சேத்து மாத்தி."

"மாத்தறதைச் சொல்லித்தான் இருந்துச்சு அண்ணி. நீங்க கேட்டதுக்கும் இந்த டெஸ்ட்டுக்கும் ஒத்துவரல, அதனால டெஸ்ட்டை மாத்தியிருக்கேன், ஒருக்காப் பாத்துக்குங்கன்னு. நாந்தான் படிக்கல. பச்சையப் பாத்தேன். சரின்னு அமுத்தீட்டேன்."

கீழே சென்றாயன் அறைப் பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது.

"அவரு இன்னைக்குப் போறாரு. தெரியுமா?"

"தெரியும்."

"நாலு நாளாத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லோணும்னுதான் தெனமும் எந்திரிக்கறேன் அண்ணி. அப்பறம் இங்க வந்து உக்காந்துக்கறேன்."

அவளுக்கு அது புரிந்தது. இந்த வீட்டில் இப்போது எல்லோரும் அப்படித்தான் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

"நம்ம ஷெட்டை விடு. மத்த பண்ணைலயும் இதே புரோகிராம்தான ஓடுது?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

இருவரும் கீழே வந்தார்கள். முதல் வேலையாகப் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தீனா செய்தி போட்டான்: பெட்டியில் பழுது இருக்கிறது, சங்கை நம்ப வேண்டாம், மதியம் முழுக்க ஷெட்டுக்குள் ஓர் ஆள் இருக்கட்டும். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஏ.ஐ.கிட்டச் சொன்னா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணீரும் அண்ணி."

"அன்னைக்கும் ரெண்டு நிமிஷத்துலதான் பண்ணுச்சு."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

சத்யா முதலில் டெஸ்ட்டுகள் இருக்கும் இடத்தைப் பூட்டினாள். ஏ.ஐ. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. பிறகு ஒவ்வொன்றாக எழுதினாள். ஒரு சென்சார் மட்டும் பேசாமல் போனால். எல்லாமே பேசாமல் போனால். பேசிக்கொண்டே இருந்து, நெடுநேரம் ஒரே வெப்பத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னால். மழைக்கான டெஸ்ட்டைத் தீனாவை எழுதச் சொன்னாள். ஈரத்தில் சென்சார் ஒரு கணம் விட்டு வந்தால் சங்கு அடிக்கக் கூடாது என்று அவன் எழுதினான். ஓட்டினார்கள். மழை டெஸ்ட் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு.

"இப்பக் கேளு," என்றாள்.

ஏ.ஐ. வரிகளை எழுதத் தொடங்கியது. பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டது. மழையில் விட்டு வருவதையும் கேபிள் அறுந்து போவதையும் எதை வைத்துப் பிரிப்பது? எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வது? டெஸ்ட்டுகளில் அது சொல்லப்படவில்லை. நான் ஒரு அளவை ஊகித்துப் போடலாம், ஆனால் இது உயிர்கள் சம்பந்தப்பட்டது, நீங்களே முடிவு செய்வது நல்லது என்றது.

"பத்து நிமிஷம்னு வெக்கலாங்களா?" தீனா கேட்டான்.

"பத்து நிமிஷத்துல உள்ள என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஆள் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

சத்யா வெளியே போய்த் திறந்திருந்த வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெகதீஸ்வரன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க. ஒண்ணு கேக்கோணும். கேக்கக் கூடாதுதான்."

"ம்."

"மதிய வெயில்ல விசிறி பத்தாமப் போனா, கோழி எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவன் பதில் சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தாள். திரும்பப் போக ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

"ரெண்டு நிமிஷத்துல வாயைப் பொளக்கும்," என்றான். "அப்பவே போனா காப்பாத்தீரலாம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அப்பறம் கதவைத் தொறந்தாலும் பிரயோசனமில்ல."

"ரெண்டு நிமிஷம்னு வெச்சா மழைக்காலத்துல சங்கு சும்மாவும் அடிக்குமுங்க. ஒருத்தரும் தூங்க முடியாது."

"அடிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான்.

இரண்டு நிமிஷம் என்று டெஸ்ட்டில் எழுதினாள். ஏ.ஐ. எழுதி முடித்தது. முதல் ஓட்டத்தில் ஒன்று தோற்றது. சென்சார் ஒரே வெப்பத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் டெஸ்ட். அது திருத்தியது. எல்லாம் பச்சை.

தீனா பெருமூச்சு விட்டான். சத்யா விடவில்லை. அது எழுதிய ஒவ்வொரு வரியையும் அவனை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பிறகு சங்கை அடிக்கச் சொல்லும் வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு ஓட்டினாள். சிவப்பு வந்தது. அழித்ததைத் திரும்பப் போட்டாள். பச்சை. டெஸ்ட் நிஜமாகவே பார்க்கிறது.

மோகன்குமாருக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஏனுங்க சத்யா, இதை இப்ப எல்லாப் பெட்டிக்கும் அனுப்பினா, தப்பு நம்மளதுன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிருமுங்க."

"ஆமாங்க சார்."

"குரூப்ல வேற போட்டுட்டீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்தா, நான் ஒருத்தர் ஒருத்தராப் பேசிச் சமாளிச்சுருவேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வெயிலடிக்குமுங்க சார்."

அவர் பேச்சை மாற்றினார். "தீனா பக்கத்துல இருக்கறானுங்களா?"

போனைத் தீனாவிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. லேப்டாப்பில் அனுப்பும் பொத்தானை அமுக்கினான். பிறகுதான் போனை வாங்கி, "அனுப்பீட்டேனுங்க சார்," என்றான். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று சத்யாவுக்குக் கேட்கவில்லை. தீனா "சரிங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தான்.

ஒவ்வொரு பண்ணைப் பெட்டியும் புது புரோகிராமை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். திரையில் பண்ணைப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தன. வாசலில் டெம்போ வந்து நின்றது.

சென்றாயன் கட்டிலைத் தூக்கி டெம்போவில் சாத்திக்கொண்டிருந்தான். பிரபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அடுப்பைப் பிடித்திருந்தாள். சின்னண்ணன் வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?" சத்யா கேட்டாள்.

தீனா நடந்து போய் அப்பாவின் முன்னால் நின்றான். சென்றாயனுக்கும் கேட்கிற மாதிரியே பேசினான்.

"சங்கு அடிக்கலீங்கப்பா. சென்றாயன் சொன்னது நெசந்தான். கேபிள் அறுந்தா அடிக்காதுங்கற மாதிரி பெட்டியில இருந்துச்சு. அப்பிடி வெச்சது நான்."

சின்னண்ணன் அவனைப் பார்த்தார். "என்னத்துக்கு அப்பிடி வெச்ச?"

"சும்மா சும்மா அடிக்குது, தூங்க முடியலைன்னீங்களேப்பா."

"நானா?"

"ஆமாங்கப்பா. மழை பேஞ்சப்ப."

அவர் யோசித்தார். நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. வந்த பிறகு அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"ஊட்டுக்குள்ள ஒரு சொல் சொன்னேன்," என்றார். "அதுக்கு அவ்வளவு தூரமா?"

டெம்போ டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

சின்னண்ணன் சென்றாயன் பக்கம் திரும்பினார். "எறக்கி வையப்பா. போக வேண்டாம்."

சென்றாயன் கட்டிலை விட்டுக் கையை எடுத்தான். உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாலு நாளா நானே யோசிச்சுக்கிட்டிருந்தேங்க ஐயா. அடிச்சிருக்குமோ, எனக்குத்தான் கேக்கலியோன்னு. நேத்து பிரபாகிட்டக் கூட, நாந்தான் அமத்திட்டு மறந்துட்டேன் போலன்னு சொன்னேன்."

"அதான் இல்லைன்னு ஆயிப்போச்சே. எறக்கி வை."

சென்றாயன் மனைவியைப் பார்த்தான். பிரபா அடுப்பை டெம்போவுக்குள் வைத்தாள்.

"வேணாங்க ஐயா," என்றாள். "புள்ள ராத்திரியெல்லாம் திடுக்திடுக்குன்னு முழிக்குது. இங்க இருக்க முடியாது. நாங்க போறோம்."

சின்னண்ணன் டெம்போவின் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டினார். மாட்டியது சரியாக விழவில்லை. சென்றாயன் வந்து சேர்த்துப் பிடித்தான். இருவரும் சேர்ந்து மாட்டினார்கள்.

டெம்போ போய்விட்டது. தூசி அடங்கும்வரை சின்னண்ணன் அங்கேயே நின்றார். தீனா அவர் பக்கத்தில் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சத்யா உள்ளே ஓடி லேப்டாப்பைப் பார்த்தாள். எல்லாப் பெயர்களும் பச்சையாகியிருந்தன. ஒன்றைத் தவிர.

"தீனா."

அவன் வந்து குனிந்து பார்த்தான். "அருணகிரி மாமா பண்ணை. வையப்பமலைப் பக்கம். பெட்டிக்கு லைன் கெடைக்கல."

வாட்ஸ்அப்பில் அருணகிரியின் பெயருக்கு எதிரே செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சென்னியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். "அருணகிரி ஊட்டுலயா? இன்னைக்கு ஆரும் இருக்க மாட்டாங்க சாமி. கலியாணச் சாமானம் எடுக்கோணும்னு எல்லாரும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போறாங்கன்னு பக்கத்துத் தோட்டத்துச் செல்லியம்மா சொல்லீட்டிருந்தா."

"பண்ணையில ஆள் இருப்பாங்களா அத்தை?"

"அதென்னமோ தெரியலியே."

வாசலில் வண்டி உறுமியது. சத்யா எட்டிப் பார்த்தாள். ஜெகதீஸ்வரன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு நேரே நிறுத்தினான். வாசலில் நடந்தது, உள்ளே பேசியது எல்லாம் அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"அருணகிரி மாமன் ஷெட்டுதான?" என்றான்.

"ஆமாங்க."

"தீனா, ஏறு."

தீனா ஓடிப்போய் ஏறினான். கதவைச் சாத்தும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது.

சத்யா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒற்றைப் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் செய்ய எதுவும் இல்லை. எழுத டெஸ்ட் இல்லை, கேட்கக் கேள்வி இல்லை. பக்கத்து அறையில் கனிஷ்கா அழுதது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் குழந்தை என்று உறைத்தது. எழப்போனாள். போன் அடித்தது.

"வந்துட்டோம்." ஜெகதீஸ்வரன்தான். மூச்சு வாங்கியது. "வெளிய பூட்டு. ஆள் ஒருத்தருமில்ல. ரெண்டு விசிறிதான் சுத்துது."

திங்கட்கிழமையைப் போலவே ரெண்டு என்றதும் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள கோழிச் சத்தம் கேக்குதுங்களா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. காற்றின் இரைச்சல். தூரத்தில் தீனாவின் குரல், என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. சத்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க? கேக்குதுங்களா?"

இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் வந்தது. மறுபடி விழுந்தது. பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.